குழலோடு பொருந்தும் வெளிச்சம்

இருட்டில் சுடும் துப்பாக்கிக்கு விளக்கு தேவை. அந்த விளக்கைத் துப்பாக்கியோடு பிணைத்து நிறுத்த ஓர் உலோகத் துண்டு தேவை. விரல் நீளமே உள்ள அந்தத் துண்டுக்கு மவுண்ட் என்று பெயர். அதன் எடை பெரும்பாலும் ஐம்பது கிராமைத் தாண்டாது. ஆனாலும் ஒவ்வொரு வெடியின் உதைப்பையும் அது தாங்க வேண்டும். விளக்கின் சூட்டைக் கடத்த வேண்டும். குழல் பார்க்கும் திசையையே ஒளியும் பார்க்கும்படி வைத்திருக்க வேண்டும். விளக்கு பழுதானால் உடனே தெரிந்துவிடும். மவுண்ட் தளர்ந்திருப்பது தெரிவதற்குள் ஒளி ஒரு பக்கமும் குழல் ஒரு பக்கமும் திரும்பியிருக்கும்.

இத்தகைய விளக்கு தேவைப்படும் ஓர் இடம் ஜொகூர். மலேசியத் தீபகற்பத்தில் செம்பனை மிகுதியாகப் பயிராகும் மாநிலங்களில் அதுவும் ஒன்று. குளுவாங், கோத்தா திங்கி, சிகாமட் வட்டாரங்களில் சாலையின் இருபுறமும் தோட்டம் விரிந்து கிடக்கும். இளங்கன்றின் குருத்தையும் உதிர்ந்த பழத்தையும் தேடிக் காட்டுப்பன்றிகள் இருட்டிய பிறகு வெளியே வருகின்றன. மனிதர்களும் இதே மண்ணில் இருட்டோடு வேலை செய்து பழகியவர்கள். விடியற்காலைக் குளிரில் ரப்பர் மரத்தின் பால் நன்றாக ஓடும் என்பதால், தமிழ்த் தொழிலாளர்கள் விடிவதற்கு முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போனார்கள். மின்விளக்கு வருவதற்கு முன் அது கார்பைட் விளக்காக இருந்தது: கால்சியம் கார்பைடின் மேல் நீர் சொட்டச் சொட்ட அசிட்டிலின் வாயு எழுந்து வெண்சுடராக எரியும். பன்றி மேயும் நிரையும் ஆள் நடக்கும் நிரையும் ஒன்றே. துப்பாக்கி விளக்கின் அறிவியலில் முதலில் கவனிக்க வேண்டியது இதுதான்.

இரவில் விலங்கைத் தேடுபவர்கள் பழங்காலம் முதல் கண்ணொளியை நம்பி வந்திருக்கிறார்கள். புலி, புனுகுப்பூனை, மான், மாடு, நாய் ஆகியவற்றின் விழித்திரைக்குப் பின்னால் டபீட்டம் என்ற பிரதிபலிப்புப் படலம் இருக்கிறது. விளக்கொளி அதில் பட்டுத் திரும்பும்போது கண் கனல்போல் மின்னும். பன்றிக்கு இந்தப் படலம் கிடையாது. மனிதனுக்கும் கிடையாது. ஆகவே செம்பனை நிரைகளுக்கிடையே மின்னுவது மேய்ச்சலுக்கு விட்ட மாடாக இருக்கலாம், புனுகுப்பூனையாக இருக்கலாம். மின்னாமல் இருட்டாக நிற்பது பன்றியாகவும் இருக்கலாம், ஆளாகவும் இருக்கலாம். கண்ணைப் பார்த்து முடிவு செய்ய வழியில்லை. உடலின் முழு வடிவமும் தெரியும் அளவுக்கு ஒளி வேண்டும். அந்த ஒளி ஆடாமல் நிற்கவும் வேண்டும்.

துப்பாக்கியில் விளக்கைப் பொருத்தும் வழக்கம் புதிதன்று. பெங்களூரில் வாழ்ந்த வேட்டை எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சன் (1910–1974), அன்றைய சேலம் மாவட்டத்துப் பென்னாகரம், ஜவளகிரிக் காடுகளில் ஆட்கொல்லி விலங்குகளைத் தேடிய அனுபவங்களை எழுதியிருக்கிறார். அவருடைய ரைபிளோடு டார்ச்சைப் பிணைக்கும் கிளாம்பு அந்தக் கதைகளில் திரும்பத் திரும்ப வரும். 1945இல் ஓக்கினாவா போரில் அமெரிக்க வீரர்கள் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு விளக்கையும் அதற்கான தொலைநோக்கியையும் கார்பைன் துப்பாக்கியில் ஏற்றியிருந்தார்கள். மின்கலத்தை முதுகில் சுமந்தார்கள். ஆண்டர்சனின் டார்ச்சுக்கும் சரி, அந்தக் கார்பைனின் விளக்குக்கும் சரி, இழை பல்பே ஒளி தந்தது. சூடேறிச் சிவந்த டங்ஸ்டன் இழை ஒரு நல்ல உதைப்பில் அறுந்துவிடக்கூடும். அதனால் அந்தக் காலத்து மவுண்டுகளில் ரப்பர்த் துண்டுகளை வைத்து அதிர்ச்சியைத் தணிக்கப் பார்த்தார்கள். வெள்ளை எல்.இ.டி. வந்த பிறகு அறுந்துபோக இழையே இல்லை. விளக்கு சிறுத்தது, ஒளி பெருகியது. மவுண்டையும் நெகிழ்வே இல்லாமல் இறுக்கமாகச் செய்ய முடிந்தது.

உதைப்பு எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். பன்னிரண்டு போர் வேட்டைத் துப்பாக்கி ஒன்றின் எடை 3 கிலோ என்று கொண்டால், அதிலிருந்து 32 கிராம் சன்னங்கள் நொடிக்கு சுமார் 400 மீட்டர் வேகத்தில் வெளியேறுகின்றன. கூடவே வரும் அடைப்பானையும் வெடிவாயுவையும் சேர்த்தால் துப்பாக்கி நொடிக்கு ஏறத்தாழ 5 மீட்டர் வேகத்தில் பின்னால் பாயும். இந்த வேகத்தை அது எட்டுவதற்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் மூன்று பங்கு. அப்படியானால் முடுக்கம் புவியீர்ப்பைப் போல் சுமார் 170 மடங்கு. விளக்கும் மவுண்டும் சேர்ந்து 150 கிராம் இருந்தால், அந்தக் கணத்தில் அவற்றை இழுக்கும் சராசரி விசை 250 நியூட்டன். அதாவது 25 கிலோ மூட்டையைத் தொங்கவிட்டதற்குச் சமம். உச்ச விசை இதைவிடக் கூடுதலாக இருக்கும்.

இதை எதிர்த்து நிற்பது உராய்வுதான். 4 மி.மீ. திருகாணி ஒன்றை 3 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையில் இறுக்கினால் அது சுமார் 3,700 நியூட்டன் விசையோடு மவுண்டின் இரு தாடைகளையும் அழுத்தும். உலர்ந்த உலோகப் பரப்பின் உராய்வுக் கெழு 0.2 என்றால், ஒரு முகத்தை மட்டும் கணக்கில் எடுத்தாலும் 700 நியூட்டனுக்கு மேல் தாங்கும். காகிதத்தில் இது தாராளம். ஆனால் துப்பாக்கிக்கு எண்ணெய் போடாதவர் இல்லை. தாடைக்கு அடியில் எண்ணெய் புகுந்தால் உராய்வு பாதியாகும். உச்ச விசையின்போது மவுண்ட் ஒரு மயிரிழை நழுவும். பத்து வெடியில் அது கண்ணுக்குத் தெரியும் இடைவெளி ஆகிவிடும். இதனால்தான் நல்ல மவுண்ட் எதுவும் உராய்வை மட்டும் நம்புவதில்லை. துப்பாக்கியின் மேல் குறுக்காக வெட்டிய பள்ளம் ஒன்றில் மவுண்டின் குறுக்குத் திருகாணியோ அடிப்பக்கத்துக் கட்டையோ இறங்கி உட்காரும். நழுவ நினைத்தாலும் பள்ளத்தின் சுவர் தடுக்கும்.

இந்தப் பள்ளத்தில் பொருத்தும்போது ஒரு சிறு கைப்பழக்கம் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது. வெடிக்கும்போது துப்பாக்கிதான் பின்னால் போகிறது. விளக்கு இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. துப்பாக்கியை வைத்துப் பார்த்தால் விளக்கு முன்னோக்கி நகர்வதாகப் பொருள். எனவே மவுண்டைப் பள்ளத்தின் முன்சுவரோடு ஒட்ட முன்னே தள்ளிப் பிடித்துக்கொண்டு திருகாணியை இறுக்க வேண்டும். பின்சுவரில் ஒட்டி இறுக்கினால், முதல் வெடியிலேயே அது பள்ளத்தின் இடைவெளி முழுவதையும் தாண்டி முன்சுவரில் மோதும்.

பள்ளங்களின் அளவு ஊருக்கு ஊர், கம்பெனிக்குக் கம்பெனி வேறுபட்டிருந்த காலம் 1995 பிப்ரவரியில் ஓரளவு முடிவுக்கு வந்தது. நியூ ஜெர்சியிலுள்ள பிக்காட்டினி ஆயுதக் கிடங்கின் பெயரால் வழங்கும், பள்ளங்கள் வரிசையாக வெட்டிய ‘தண்டவாள’ வடிவத்தை அமெரிக்க ராணுவம் அப்போது தரப்படுத்தியது. அகலம் 21.2 மி.மீ., பள்ளத்தின் அகலம் 5.23 மி.மீ., ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 10.01 மி.மீ. இதற்கு மூத்ததான வீவர் தண்டவாளத்தில் பள்ளம் 4.57 மி.மீ. மட்டுமே. ஆகவே வீவருக்கென்று செய்த மவுண்ட் பிக்காட்டினியில் ஏறும். பிக்காட்டினிக்கென்று செய்தது வீவரில் ஏறாது. 2009இல் நேட்டோ நாடுகள் இதே வடிவத்தை மெட்ரிக் அளவில் திருத்தி, சாய்ந்த பக்கங்களுக்குப் பதிலாகத் தண்டவாளத்தின் மேல்தளத்தையே அடிப்படை முகமாக வைத்தன. சரிவுகளைவிடத் தட்டையான முகத்தைத் துல்லியமாக வெட்டுவதும் அளப்பதும் எளிது.

இந்த மாற்றம் மலேசியாவிலும் கண்கூடாகத் தெரியும். 1990களில் ராணுவத்தின் கையில் இருந்த ஸ்டையர் ஏ.யு.ஜி. ரைபிளின் மேற்பிடியிலேயே 1.5 மடங்கு தொலைநோக்கி அடங்கியிருந்தது. விளக்கு மாட்டத் தண்டவாளம் இல்லை. பின்னால் வந்த எம்.4 கார்பைனில் தண்டவாளம் கூடவே வந்தது. பிரிட்டிஷ் காலத்துக் காட்டுப்போர்ப் பள்ளி இருந்த ஜொகூரின் உலு திராமில்தான் இன்று தரைப்படையின் போர்ப் பயிற்சி மையம் இருக்கிறது. அடர்காட்டின் இருட்டைத் தெரிந்துகொள்ள ஜொகூரைவிடப் பொருத்தமான இடம் அரிது.

தண்டவாளம் உள்ள துப்பாக்கிக்குக் கடையில் கிடைக்கும் மவுண்டே போதும். தனியாகக் கடைந்து செய்யும் தேவை பழைய துப்பாக்கியில்தான் எழுகிறது. தோட்டங்களில் உரிமத்தோடு இருக்கும் ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கிகளில் பள்ளமும் இல்லை, தண்டவாளமும் இல்லை. குழலைச் சுற்றி வளையம் போட்டுப் பிடிப்பதே வழி. அது பார்ப்பதற்கு எளிதாகத் தெரிந்தாலும் அதில் மூன்று சிக்கல்கள் இருக்கின்றன.

வேட்டைத் துப்பாக்கியின் குழல் நேர் உருளை அன்று. தோட்டா அறையிலிருந்து வாய் வரை மெல்ல மெல்ல ஒடுங்கிக்கொண்டே போகும். உள்துளை நேராக உள்ள வளையத்தை அதில் மாட்டினால், வளையத்தின் பின்விளிம்பு மட்டுமே குழலைத் தொடும். உதைப்பு விளக்கை முன்னோக்கி நகர்த்தும் என்பது ஏற்கெனவே தெரிந்தது. முன்னே போகப் போகக் குழல் மெலிகிறது; வளையம் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே பிடி தளரும், தளர்ந்தால் இன்னும் நகரும். கடையில் வாங்கும் பொது வளையங்கள் இந்தத் துப்பாக்கிகளில் நிலைக்காததற்குக் காரணம் இதுவே. அந்தக் குறிப்பிட்ட குழலை, வளையம் உட்காரும் இடத்தில் முன்னும் பின்னும் மைக்ரோமீட்டரால் அளந்து, அதே சரிவில் உள்துளையைக் கடைந்தால்தான் வளையம் முழு நீளத்துக்கும் படியும்.

இரண்டாவது சிக்கல் குழலின் தடிமன். இரட்டைக்குழல் துப்பாக்கியின் முன்பகுதியில் சுவர் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இறுக்கம் போதவில்லை என்று திருகாணியை மேலும் மேலும் முறுக்கினால் குழல் நசுங்கும். நசுங்கிய குழலில் சன்னம் ஓடும்போது என்ன ஆகும் என்பதை எவரும் சோதித்துப் பார்க்கக் கூடாது. இரு குழல்களையும் இணைக்கும் நடு வரிப்பட்டை பெரும்பாலும் வெறும் ஈயப்பற்றால் ஒட்டியது என்பதால், விளக்கின் பாரத்தை அதன்மேல் ஏற்றுவதும் தவறு. இங்கெல்லாம் வளையத்தை அகலப்படுத்தி, அழுத்தத்தைப் பரப்பிக் கொடுப்பதே சரியான வழி.

மூன்றாவது சிக்கல் வெப்பம். ஒரு டிகிரி சூடேறினால் எஃகு பத்து லட்சத்தில் 12 பங்கு விரியும். அலுமினியம் 23 பங்கு விரியும். 22 மி.மீ. விட்டமுள்ள எஃகுக் குழலில் அலுமினிய வளையம் மாட்டி, இரண்டும் 60 டிகிரி சூடேறினால், வளையத்தின் உள்விட்டம் குழலைவிட சுமார் 15 மைக்ரான் கூடுதலாகப் பெருகும். வளையத்தின் இறுக்கம் முழுவதும் அது எவ்வளவு இழுபட்டு நிற்கிறது என்பதைப் பொறுத்தது. அந்த இழுப்பே சில பத்து மைக்ரான்தான். சூடான துப்பாக்கியில் மவுண்ட் தளர்ந்து, ஆறியதும் மறுபடி இறுகி, ஆளைக் குழப்புவது இதனால்தான். வளையத்துக்கும் குழலுக்கும் நடுவே மெல்லிய பாலிமர் பட்டை ஒன்றை வைத்தால் அந்த வித்தியாசத்தை அது வாங்கிக்கொள்ளும். குழலின் கருநீலப் பூச்சும் கீறலிலிருந்து தப்பும்.

ரைபிளில் இன்னொரு விஷயமும் உண்டு. வெடிக்கும்போது ரைபிளின் குழல் கம்பிபோல் அதிர்கிறது. குழலில் எதைக் கட்டினாலும் அந்த அதிர்வு மாறி, குண்டு படும் இடமும் மாறும். ஆகவே துல்லிய ரைபிள்களில் குழலைத் தொடாத முன்கைப்பிடியில்தான் விளக்கைப் பொருத்துகிறார்கள்.

இத்தகைய மவுண்ட் ஒன்றைக் கடைந்து செய்யத் தேவையான இயந்திரங்களும் கைத்திறனும் ஜொகூருக்குப் புதியவை அல்ல. ஜொகூர் பாருவைச் சுற்றித் தெப்ராவ், தம்போய், செனாய், பாசிர் கூடாங் தொழிற்பேட்டைகளில் மின்னணு ஆலைகளுக்கான அச்சுகளும் ஜிக்குகளும் நாள்தோறும் உருவாகின்றன. 1989இல் சிங்கப்பூர்–ஜொகூர்–ரியாவ் வளர்ச்சி முக்கோணம் அறிவிக்கப்பட்ட பிறகு சிங்கப்பூர்ப் பாலத்துக்கு அப்பாலிருந்து வந்த ஆலைகள் பெருகின. அவற்றைச் சார்ந்து, நாலைந்து ஆட்களும் இரண்டு மில்லிங் இயந்திரங்களும் ஒரு லேத்தும் கொண்ட சிறு பட்டறைகளும் பெருகின. கேமரா உணரியைப் பிடிக்கும் கிளாம்பும் துப்பாக்கி விளக்கைப் பிடிக்கும் கிளாம்பும் வடிவத்தில் உடன்பிறந்தவை. ஆனால் சட்டம் அவற்றை ஒன்றாகப் பார்ப்பதில்லை. மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி ஆயுதம் வைத்திருக்க மட்டுமின்றி, செய்வதற்கும் பழுது பார்ப்பதற்கும் உரிமம் வேண்டும். குழலில் துளை போடுவதும் பள்ளம் வெட்டுவதும் துப்பாக்கியின் மேலேயே கை வைக்கும் வேலை. உரிமம் பெற்ற ஆயுதத் தொழிலாளியிடம்தான் அது நடக்க வேண்டும். துப்பாக்கியைத் தொடாமல் சுற்றிப் பிடிக்கும் மவுண்டானாலும் காவல்துறையிடம் கேட்டுத் தெளிந்த பிறகு செய்வதே முறை.

வேலையில் முதல் முடிவு உலோகம் பற்றியது. 6061–டி6 என்ற அலுமினியக் கலவை மலிவு, வெட்ட எளிது, வெப்பத்தை நன்றாகக் கடத்தும். 276 மெகாபாஸ்கல் வரை நிலையாக வளையாமல் தாங்கும். 7075–டி6 கலவை 500 மெகாபாஸ்கல் வரை தாங்கினாலும் விலை கூடுதல், வெப்பக் கடத்தலில் கொஞ்சம் குறைவு, அரிப்புக்கும் எளிதில் ஆளாகும். விளக்கு மவுண்டுக்கு 6061 போதுமானது. எஃகில் செய்தால் எடை மூன்று மடங்காகும். அந்தக் கூடுதல் எடையே உதைப்பில் கூடுதல் இழுவிசையாகத் திரும்பி வரும்.

இனி வளையம். பல கைவிளக்குகளின் உடல் ஓர் அங்குலம், அதாவது 25.4 மி.மீ. விட்டம். கட்டையை இரு பாதிகளாக வெட்டித் திருகாணியால் இணைத்துத் துளை கடைந்தால், வட்டம் பிசகாமல் வரும். ஆனால் அப்படிக் கடைந்த வளையம் விளக்கை இறுக்காது, இரு பாதிகளும் ஏற்கெனவே முட்டிக்கொண்டு நிற்பதால் மேலும் நெருங்க இடமிருக்காது. அனுபவமுள்ள கடைசல்காரர் இணைக்கும்போதே இரு பாதிகளுக்கும் நடுவில் அரை மில்லிமீட்டர் தகடு ஒன்றை வைத்துவிடுவார். தகடோடு சேர்த்தே துளை கடைவார். முடிந்ததும் தகட்டை உருவி எறிவார். அந்த அரை மில்லிமீட்டர் இடைவெளி இப்போது இறுக்குவதற்கான இடம். துளையின் வளைவோ விளக்கின் வளைவுக்கு அச்சாகப் பொருந்தும். ஒரே கட்டையில் செய்வதானால் முதலில் துளை, பிறகு மெல்லிய வட்டரம்பத்தால் ஒரு கீறல். வரிசை மாறினால் துளை போடும்போதே கட்டை வாய்பிளந்து வட்டம் கோணலாகிவிடும்.

தண்டவாளத்தைப் பிடிக்கும் அடிப்பக்கத்துக்கு 45 டிகிரி சாய்ந்த தாடைகள் வேண்டும். சாய்வான பள்ளத்தின் அகலத்தை வெர்னியரால் நேரடியாக அளக்க முடியாது. கூரான மூலையில் அளவியின் நுனி எங்கே நிற்கிறது என்று சொல்ல இயலாது. துல்லியமான விட்டமுள்ள இரண்டு உருளைப் பின்களை இரு மூலைகளிலும் கிடத்தி, பின்களுக்கிடையே அளந்து, கோணக் கணக்கால் அகலத்தைக் காண்பார்கள். பள்ளி முக்கோணவியல் பட்டறையில் சோறு போடும் இடங்களில் இது ஒன்று.

கடைந்து முடித்துப் பிசிறு நீக்கிய துண்டு அனோடைசிங் தொட்டிக்குப் போகும். கடின வகைப் பூச்சு சுமார் 50 மைக்ரான் தடிமன் வளரும். அதில் பாதி உலோகத்துக்குள்ளே இறங்கும், பாதி வெளியே புடைக்கும். வெளியே வரும் 25 மைக்ரானை மறந்து துளையைச் சரியளவில் கடைந்தவர்கள், பூச்சுக்குப் பிறகு விளக்கு உள்ளே நுழையாமல் திகைப்பார்கள். மரைகளில் இது இன்னும் கூர்மையாக உறுத்தும்: 60 டிகிரி மரையின் இரு பக்கச் சரிவுகளிலும் பூச்சு ஏறுவதால், மரையின் நடுவிட்டம் அந்த 25 மைக்ரானைப் போல் நான்கு மடங்கு, அதாவது 100 மைக்ரான் குறையும். ஆகவே திருகாணித் துளைகளை அடைத்துவிட்டுத் தொட்டியில் இறக்குவார்கள்.

ஜொகூரின் ஈரக்காற்றில் இந்தப் பூச்சு அலங்காரத்துக்காக இல்லை. எஃகுத் திருகாணியும் அலுமினியமும் வியர்வையின் உப்பில் நனைந்தால் இரண்டும் ஒரு சிறு மின்கலமாகி, அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்பொடியாக உதிரும். பூச்சு கீறப்பட்ட இடத்தில்தான் அரிப்பு தொடங்கும். மழைக்காட்டில் நனைந்த துப்பாக்கியின் மவுண்டைக் கழற்றித் துடைத்து, மரையில் மட்டும் பாதுகாப்பு மசகு இட்டு, தாடை முகங்களை உலர்ந்தபடியே வைத்து மாட்டுவது அதன் ஆயுளை நீட்டும்.

ஒளியின் கணக்கு இயந்திரக் கணக்கைவிடத் தாராளமானது. மவுண்ட் ஒரு டிகிரி கோணலாக நின்றால் 50 மீட்டரில் ஒளியின் மையம் 87 செ.மீ. விலகும். ஆறு டிகிரி அகலமுள்ள ஒளிக்கற்றை அதே தொலைவில் ஐந்து மீட்டருக்குப் பரவும் என்பதால் இலக்கு வெளிச்சத்துக்குள்தான் இருக்கும். லேசர் காட்டியை ஏற்றும் மவுண்டுக்கு இந்தச் சலுகை கிடையாது. விளம்பரங்களில் விளக்கின் மொத்த ஒளியைச் சொல்லும் லூமன் எண்ணே பெரிதாக அச்சாகிறது. ஆனால் தொலைவைத் தீர்மானிப்பது ஒரு திசையில் குவியும் ஒளியைச் சொல்லும் கேண்டெலா. 10,000 கேண்டெலா விளக்கு 200 மீட்டரில் 0.25 லக்ஸ், அதாவது முழுநிலவின் அளவு ஒளி தரும். 30 மீட்டரில் 11 லக்ஸ் தரும். ஒன்பது மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நட்ட செம்பனைகளுக்கிடையே பார்வை பெரும்பாலும் இந்த முப்பது, நாற்பது மீட்டரோடு நின்றுவிடும். அங்கே இதைவிட வலிய கற்றை பக்கத்து மட்டையில் பட்டுத் தெறித்து, பார்ப்பவர் கண்ணையே கூச வைக்கும்.

துப்பாக்கியில் பொருத்திய விளக்கு எங்கே ஒளி பாய்ச்சுகிறதோ அங்கே குழலும் பார்க்கிறது. தேடுவதற்கு அதைப் பயன்படுத்துவது, யார் என்று தெரியாதவர் மேல் துப்பாக்கியை நீட்டுவதற்குச் சமம். தேடும் வேலைக்கு நெற்றி விளக்கோ கைவிளக்கோ தனியாக இருக்க வேண்டும். இலக்கு இன்னது என்று உறுதியான பிறகே துப்பாக்கி விளக்கு எரிய வேண்டும். மவுண்டின் வடிவமைப்பிலும் இது இடம்பெறுகிறது: விளக்கின் பொத்தான் துப்பாக்கியை முன்னால் தாங்கும் கையின் கட்டைவிரலுக்கு எட்டும்படி இருக்க வேண்டும், சுடுவிசையை இயக்கும் கையின் விரல்களுக்கு விளக்கோடு எந்த வேலையும் இருக்கக் கூடாது. காட்டு விலங்கு வேட்டையை முன்பு 1972ஆம் ஆண்டுச் சட்டமும், இப்போது 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் கட்டுப்படுத்துகின்றன. உரிமம் தருவது பெர்ஹிலித்தான் என்னும் வனவிலங்குத் துறை. எந்த நேரத்தில், எந்த முறையில் வேட்டையாடலாம் என்பதும் சட்டத்துக்கு உட்பட்டது. விளக்கு மாட்டிய துப்பாக்கி கையில் இருப்பது இரவு வேட்டைக்கு அனுமதி ஆகாது.

மவுண்டைப் பொருத்தி முடித்ததும் திருகாணித் தலையிலிருந்து மவுண்டின் உடல் வரைக்கும், மவுண்டின் விளிம்பிலிருந்து குழல் வரைக்கும் வெள்ளை வண்ணத்தால் மெல்லிய கோடு ஒன்று இழுப்பார்கள். முதல் பத்து வெடிகளுக்குப் பிறகு அந்தக் கோடுகளைப் பார்க்க வேண்டும். திருகாணிக் கோடு விலகியிருந்தால் மரை தளர்கிறது. கழற்றி, எண்ணெய் போகத் துடைத்து, மரைப்பசை இட்டு மறுபடி அதே முறுக்குவிசையில் இறுக்க வேண்டும். குழலின் கோடு விலகியிருந்தால் திருகாணியின் மேல் பழி இல்லை. வளையத்தின் துளை குழலின் சரிவோடு பொருந்தவில்லை என்று பொருள். அந்தத் துண்டு மறுபடி பட்டறைக்குப் போக வேண்டியதுதான்.